கடனும் தலையும்: பலிச் சடங்கில் சம்மதத்தின் இடம்

1. துளுக்கும் கிடா

குலசாமி கோயிலில் கிடா வெட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அரிவாள் இறங்கும் கணத்தைவிட அதற்கு முந்தைய ஐந்து நிமிடம்தான் நன்றாக நினைவிருக்கும். கிடாவின் கழுத்தில் மாலை விழும். பூசாரி மஞ்சள் தண்ணீரை அதன் நெற்றியிலும் முதுகிலும் ஊற்றுவார். கொட்டு நின்றுவிடும். எல்லோரும் காத்திருப்பார்கள். கிடா தலையையும் உடம்பையும் சிலிர்த்து உதற வேண்டும். அதற்குத் துளுக்குதல் என்று பெயர். துளுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது, ஆடும் சம்மதித்தது என்று பொருள். துளுக்காவிட்டால் பங்காளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். வீட்டில் என்ன குறை, யாருக்கு மனத்தாங்கல் என்று பேச்சு எழும். மூத்த பெண் ஒருத்தி முந்தானையை ஏந்தி, “உத்தரவு கொடு தாயே” என்று வேண்டுவாள். மறுபடியும் தண்ணீர். என் சிறுவயதில் ஒரு வருடம் மூன்று குடம் ஆயிற்று. மூன்றாவது குடத்தை ஒருவர் காதுக்குள் போகும்படி சாய்த்து ஊற்றினார். கிடா உதறியது. குலவை எழுந்தது.

காதில் தண்ணீர் போனால் எந்த ஆடும் தலையை உதறும். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும். அவர்கள் ஆடு வளர்ப்பவர்கள். தெரிந்திருந்தும் அந்த உதறலுக்காக அவ்வளவு நேரம் ஏன் காத்திருந்தார்கள் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

பலி என்ற சொல் முதலில் இடும் பொருளைக் குறித்தது. கோயில் பலிபீடத்தில் வைக்கும் சோறும் பூவும் பலிதான். பிச்சாடனராய் வரும் சிவன் கபாலத்தில் ஏற்கும் பிச்சையும் பலிதான். உயிரைக் கொடுப்பது அதில் ஒரு வகை. பலியைப் பற்றிப் பேசும்போது தமிழ் இன்னொரு சொல்லையும் விடாமல் கூடவே வைத்திருக்கிறது: கடன். நேர்த்திக்கடன் என்று இன்று சொல்கிறோம். உயிரையே கடனாக இறுத்தவர்களைக் காப்பியங்கள் பேசுகின்றன. கடன் என்றால் பட்டவன் ஒருவன் இருப்பான், அடைபடும் பொருள் ஒன்று இருக்கும். ஆகவே எந்தப் பலியைப் பார்த்தாலும் இரண்டைக் கேட்கலாம்: கடன் யாருடையது, தலை யாருடையது? இரண்டும் ஒருவருடையதாக இருக்கும் இடங்கள் குறைவு. வேறுவேறாக இருக்கும் இடத்தில் ஒரு விரிசல் விழுகிறது. அந்த விரிசலை மூடத்தான் சம்மதம் தேவைப்படுகிறது. கிடைக்காத இடத்தில் அதைச் செய்தாவது வாங்குகிறார்கள். பலிச் சடங்கின் பெரும்பகுதி இந்த வேலைதான் என்பது என் முடிபு.

2. வேள்வித் தறியில்

வேத வேள்வியில் பசுவைக் கொல்லும் செயலுக்குக் கொலை என்று பெயரில்லை. சம்ஞபனம் என்பார்கள். சொல்லைப் பிரித்தால் ‘இசையச் செய்தல்’ என்று வரும். அதைச் செய்பவன் சமிதா, அதாவது அமைதிப்படுத்துபவன். விலங்கு கத்தாதபடி மூச்சை அடக்கிக் கொன்றார்கள். கத்தினால் இசைவு இல்லை என்று ஆகிவிடும். கொலைக்கு இசைவு என்றே பெயர் வைத்தது ஏமாற்று வேலை என்று எளிதில் சொல்லிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பெயரை வைத்தவர்களின் கை நடுங்கியிருக்கிறது.

மனிதத் தலை என்று வரும்போது அந்த நடுக்கம் கதையாகிறது. ஐதரேய பிராமணம் சொல்லும் சுனச்சேபன் கதையில் கடன் அரிச்சந்திரனுடையது. பிள்ளை பிறந்தால் அதையே உனக்குத் தருகிறேன் என்று வருணனிடம் அவன் நேர்ந்துகொண்டான். பிறந்த ரோகிதன் வளர்ந்ததும் காட்டுக்கு ஓடிவிடுகிறான். தன் தலைக்கு மாற்றாக அங்கே ஒரு தலையை விலை பேசுகிறான். அசீகர்த்தன் என்ற ஏழைக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனைத் தகப்பன் விடமாட்டான், இளையவனைத் தாய் விடமாட்டாள். நடுப்பிள்ளை சுனச்சேபன் 100 பசுவுக்குப் போகிறான். வேள்விச் சாலையில் அவனைத் தறியில் கட்ட ஒருவரும் முன்வரவில்லை. இன்னொரு 100 பசு பெற்றுக்கொண்டு தகப்பனே கட்டுகிறான். வெட்டவும் ஆளில்லை. மேலும் 100 பசு வாங்கிக்கொண்டு கத்தியைத் தீட்டி வருவதும் தகப்பன்தான். பையன் தேவர்களை ஒவ்வொருவராகப் பாடி அழைக்க, கட்டுகள் அவிழ்கின்றன.

அங்கே கூடியிருந்த அறிவர்கள் கூட்டத்தில் கட்டவும் வெட்டவும் ஆள் கிடைக்கவில்லை என்று கதை சொல்வதைக் கவனிக்க வேண்டும். சடங்கின் விதி எல்லோருக்கும் தெரிகிறது, கை மட்டும் முன்வரவில்லை. விலை கொடுத்து உடலை வாங்க முடிந்தது, இசைவை வாங்க முடியவில்லை. தப்பிய பிறகு தகப்பன் திரும்ப அழைத்தபோது சுனச்சேபன் போக மறுக்கிறான். விசுவாமித்திரர் அவனைத் தம் மகனாக ஏற்கிறார்.

விலைக்கு வாங்கிய தலைக்கு வரலாற்றிலும் சான்று உண்டு. அன்று சென்னை மாகாணத்தோடு இருந்த கஞ்சம் மலைப்பகுதியில் கோந்தர்கள் மண்தெய்வத்துக்குக் கொடுத்த மெரியா பலியை நிறுத்த, 1845இல் கிழக்கிந்தியக் கம்பெனி தனியே ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. மெரியா ஆள் விலை கொடுத்து வாங்கப்பட்டவனாக இருக்க வேண்டும் என்பது விதி. விலை கொடுத்துவிட்டோம், பாவம் எங்களைச் சேராது என்று பலியிடுவோர் சொல்லிக்கொள்வார்கள் என அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். பலியாகிறவன் கட்டுண்டிருக்கக் கூடாது, திமிறவும் கூடாது. அதனால் அபினைக் கொடுத்து மயக்கினார்கள், அல்லது கை கால் எலும்பை முன்னதாகவே முறித்தார்கள். குடத்துத் தண்ணீர் செய்யும் வேலையை அங்கே அபின் செய்தது. அந்த அதிகாரிகளின் குறிப்புகளை ஆளவந்தவர்களின் எழுத்து என்ற எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

கிரேக்கத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. ஔலிஸ் துறையில் காற்றுக்காக மகள் இஃபிஜீனியாவைப் பலியிடுகிறான் அகமெம்னன். ஈஸ்கிலஸின் நாடகம் அவள் வாயைக் கட்டுகிறது, சாபம் வெளியே வரக்கூடாதென்று. சில பத்தாண்டுகள் கழித்து யூரிப்பிடீஸ் அவளைத் தானே முன்வந்து இசையவைக்கிறார். பலி மாட்டின் தலையில் நீர் தெளித்துத் தலையசைப்பைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள் என்று கிரேக்கச் சமய ஆய்வாளர்கள் நெடுநாள் எழுதிவந்தார்கள். அது சம்மதம் இல்லை, விலங்கு உயிர்த்துடிப்போடு இருக்கிறதா என்று பார்த்த சோதனைதான் என்று 2007இல் ஃபிரெட் நெய்டன் மறுத்தார். கிரேக்கத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரியாக இருக்கலாம். நம் கிராமத்துக் கிடாவின் முன் நிற்பவர்கள் சம்மதம் என்று வாய்விட்டே சொல்கிறார்கள். அங்கே ஊகத்துக்கு வேலையில்லை.

3. கொற்றவைக்கு முன்

கடனும் தலையும் ஒருவனுடையதாகவே இருந்த இடம் தமிழ் மரபில் உண்டு. வீரன் தன் தலையைத் தானே அரிந்து கொடுப்பது. தலையை மட்டும் அரிந்தால் அரிகண்டம், உடலில் ஒன்பது இடத்தில் அரிந்தால் நவகண்டம்.

மாமல்லபுரம் திரௌபதி ரதத்துக்குள் நுழைந்து பின்சுவரைப் பார்த்தால் கொற்றவை நிற்கிறாள். 7ஆம் நூற்றாண்டுச் சிற்பம். அவள் காலடியில் இருவர் மண்டியிட்டிருக்கிறார்கள். ஒருவன் இடக்கையால் தன் முடியைப் பற்றித் தலையை இழுத்துப் பிடித்திருக்கிறான். வலக்கை வாள் கழுத்தருகே. முகத்தில் வலியின் குறி ஏதும் இல்லை. வெளியே கடற்காற்றில் பிள்ளைகள் ஓடியாட, வருகிறவர்கள் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த ஆள் என்ன செய்கிறான் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. செஞ்சி அருகே சிங்கவரம் குடைவரையிலும், திருச்சி மலைக்கோட்டையின் கீழ்க் குடைவரையிலும் இதே காட்சி. 1930களின் தொடக்கத்தில் டச்சு அறிஞர் வோகல் இவற்றைத் தொகுத்துக் காட்டும்வரை, இது தேவிக்கு முடி காணிக்கை தரும் காட்சி என்றுகூட எண்ணியவர்கள் இருந்தார்கள்.

சிற்பிக்கு முன்பே காப்பியம் இதைப் பேசிவிட்டது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழாவில் நாளங்காடிப் பூதத்தின் பலிபீடத்தில் புகார் நகரத்து வீரர்கள் தம் தலையை வைக்கிறார்கள்; வேந்தன் வெல்லட்டும் என்பது வேண்டுதல். வேட்டுவ வரியில் எயினர் கொற்றவைக்குக் கொடுக்கும் கழுத்துக் குருதியும் கடன் என்றே பேசப்படுகிறது. மணிமேகலை காட்டும் சக்கரவாளக் கோட்டத்தில் காடுறை தெய்வத்தின் கோயிலைச் சுற்றி, உயிர்க்கடன் இறுத்தவர்களின் தலைகள் மரங்களில் தொங்குகின்றன. பௌத்தக் காப்பியம் அது. ஆயினும் அந்த மரங்களின் முன் சாத்தனார் இகழ்ச்சியாக எதுவும் சொல்லிவிடவில்லை. முதல் குலோத்துங்கன் காலக் கலிங்கத்துப் பரணியில் செயங்கொண்டார் இன்னும் போகிறார்: அரிந்த தலை தேவியைப் புகழ, தலையற்ற உடல் கும்பிட்டு நிற்கிறது. சம்மதத்தை இதைவிட உரக்கச் சொல்ல முடியாது. வெட்டுண்ட பிறகும் தலை ஆமோதிக்கிறது.

இவை புலவர் கற்பனையாக மட்டும் இருக்கலாம் என்று ஐயுறுவோருக்குக் கல்வெட்டு இருக்கிறது. இன்று ஆந்திரத்து நெல்லூர்ப் பகுதியில் உள்ள மல்லம் என்ற ஊரில், பல்லவன் கம்பவர்மனின் 20ஆம் ஆட்சியாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒக்கொண்ட நாகன் ஒக்கதிந்தன் பட்டைபொத்தன் என்பவன் பட்டாரிக்கு நவகண்டம் கொடுத்துத் தலையையும் அரிந்து வைத்ததைப் பதிந்திருக்கிறது. அதற்காக ஊரார் நிலம் கொடுத்தார்கள். போரிலோ ஊரைக் காத்தோ உயிர்விட்டவன் வீட்டுக்குக் கொடுக்கும் நிலத்தை உதிரப்பட்டி என்று கல்வெட்டுகள் சொல்லும். இரத்தத்துக்கு ஈடாக மண்.

உதிரப்பட்டி என்ற சொல்லில்தான் நான் தயங்கி நிற்கிறேன். பட்டைபொத்தனின் தலை அவனுடையது, சரி. கடன் முழுக்க அவனுடையதுதானா? பயன் ஊருக்கு, வெற்றி வேந்தனுக்கு. நிலம் வாங்கிய குடும்பம், அந்த நிலம் வரும் என்று முன்பே அறிந்திருந்ததா? கல் அதைச் சொல்லவில்லை. தலையைப் பற்றிய அந்தக் கையின் உறுதியைச் சிற்பத்தில் பார்க்கும் எனக்கு, அவன் உள்ளத்தை அளக்க உரிமையும் இல்லை, கருவியும் இல்லை. ஆனால் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோவின் ஒரு குறிப்பு என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மரணத் தண்டனை பெற்ற குற்றவாளி, தெய்வத்துக்காகத் தன்னைக் கொடுக்கிறேன் என்று கேட்டுக்கொள்ளலாம். உறவினர் அவனை வண்டியில் ஏற்றி, பன்னிரண்டு கத்திகளைக் கொடுத்து, இந்த வீரன் சாமிக்காகச் சாகப்போகிறான் என்று ஊரெங்கும் அறிவித்துக்கொண்டு போவார்கள் என்கிறார். எப்படியும் சாகவேண்டியவனுக்கு, சம்மதம் மட்டும் விட்டுவைக்கப்பட்டிருந்தது. அதைக் கொடுத்தால் குற்றவாளி வீரனாகிவிடுவான். கொலைக்களத்தையும் கோயிலையும் பிரிப்பது அவன் சொல்லும் ஒரு வார்த்தை.

4. அரவான்

வடமொழிப் பாரதத்தில் அர்ச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த இராவான் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கனின் கையால் சாகிறான். போரில் ஒரு சாவு, அவ்வளவே. 9ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில் பெருந்தேவனார் பாடிய பாரத வெண்பாவில் அவன் களப்பலியாகிவிடுகிறான். நவகண்டக் கற்கள் எழுந்துகொண்டிருந்த அதே காலம், அதே நாடு. பிறகு வில்லிபுத்தூரார் பாடினார். தெருக்கூத்து அதை விடிய விடிய ஆடுகிறது.

கூத்துக் கதையில் சம்மதம் அடுக்கடுக்காக வாங்கப்படுகிறது. போருக்கு முன் காளிக்குக் களப்பலி கொடுத்தவன் வெல்வான். சாமுத்திரிகா இலட்சணம் 32ம் பொருந்தியவனாக இருக்க வேண்டும். சகாதேவனிடம் நாள் கேட்டு வருகிறவன் துரியோதனன். பொய் சொல்லத் தெரியாத சகாதேவன், அமாவாசையையும் குறித்துக் கொடுத்து, அரவானையும் காட்டிவிடுகிறான். துரியோதனன் போய்க் கேட்க, அரவான் சரி என்கிறான்! கண்ணன் ஒரு நாள் முன்பே தர்ப்பணம் செய்யத் தொடங்க, இது என்னவென்று கேட்கச் சூரியனும் சந்திரனும் ஒன்றாக வர, அமாவாசை முந்திவிடுகிறது. பலி பாண்டவர் பக்கம் சாய்கிறது. இலட்சணம் பொருந்தியவர்கள் அங்கே மூவர்: கண்ணன், அர்ச்சுனன், அரவான். கண்ணன் இல்லாமல் வெற்றியில்லை, அர்ச்சுனன் இல்லாமல் போரில்லை. மிஞ்சியது நாகர்குலத்துப் பிள்ளை. அவனிடம் கேட்கிறார்கள்.

பெரியப்பன் சித்தப்பன்கள் சூழ நிற்க, பெற்ற தகப்பன் எதிரே நிற்க, கேட்பவன் கண்ணனாக இருக்க, அந்தப் பிள்ளை வேறென்ன சொல்லியிருப்பான்? கூத்துப் பார்க்கும் சனத்துக்கு இது புரியாமலில்லை. புரிந்ததால்தான் கதை அவனுக்கு வரம் கொடுக்கிறது. போரை இறுதிவரை காணவேண்டும் என்று ஒரு வரம். மணமாகாமல் சாகக்கூடாது என்று இன்னொன்று. பெண் கொடுக்க யாரும் வராததால் கண்ணனே மோகினியாகி ஓரிரவு மனைவியாகிறான். கேட்டவனே தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்துக்கொள்ள வேண்டியதாகிறது. கடன்பட்டவன் சிறிதாவது இழக்கவேண்டும் என்று கூத்தைக் கட்டியவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியில் திருநங்கைகள் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்வது இந்தக் கதையின் இன்றைய உடம்பு. மறுநாள் காலை தாலியறுப்பு. வளையல் உடைகிறது, பூ பறிக்கப்படுகிறது, வெள்ளைப் புடவை சுற்றப்படுகிறது. ஒப்பாரி வயல்வெளியெங்கும் கேட்கிறது. பத்திரிகைகள் முதல்நாள் அழகிப் போட்டியைப் பெரிதாகப் போடுகின்றன. எனக்கு அந்த மறுநாள்தான் முக்கியம். பாரதப் போரின் வெற்றியை அங்கே யாரும் கொண்டாடுவதில்லை. வென்றவர்களுக்காகக் கொடுக்கப்பட்டவனின் பக்கம் நின்று, வீட்டாலும் ஊராலும் விலக்கப்பட்டவர்கள் அழுகிறார்கள். அரவானின் சம்மதத்தை ஏற்றுக்கொண்டு, அதைக் கேட்டது சரியா என்ற கேள்வியையும் உயிரோடு வைத்திருக்கும் சடங்கு வேறெதையும் நான் அறியேன்.

5. ஏரிக்கரையும் பாலத்தூணும்

கட்டடம் நிற்க உயிர் கேட்கும் கதைகள் பால்கன் நாடுகளில் ஆர்ட்டா பாலம், ஸ்காடார் கோட்டை என்று பரவிக் கிடக்கின்றன. கன்னடத்தில் ‘கெரெகெ ஹார’ என்ற நாட்டுப் பாடல் அவற்றுக்குச் சளைத்ததில்லை. ஏரி வெட்டியாயிற்று, சொட்டுத் தண்ணீர் இல்லை. கடைசி மருமகள் பாகீரதியைக் கொடு என்று குறி வருகிறது. கணவன் போர்க்களத்தில். யாரும் அவளிடம் வாய்திறந்து சொல்வதில்லை. வீட்டில் விருந்து சமைக்கிறார்கள், அவளுக்குப் புரிகிறது. பூசை முடிந்து திரும்பும்போது பொற்கிண்ணத்தை மறந்துவிட்டதாகச் சொல்லி அவளை அனுப்புகிறார்கள். படி இறங்குகிறாள். தண்ணீர் பாதம், முழங்கால், இடுப்பு என்று ஏறுகிறது. செய்தி கேட்டு ஓடிவந்த கணவன் அதே ஏரியில் குதிக்கிறான். கேட்காமலே வாங்கிய சம்மதம் அது. இவ்வகைக் கதைகளைத் தொகுத்த ஆலன் டண்டஸ், சுவருக்குள் வைத்துக் கட்டப்படும் பெண்ணை, கணவன் வீட்டுக்குள் அடைபடும் மனைவியின் வாழ்வுக்கு உருவகமாகவும் படிக்கலாம் என்றார். பாகீரதிக்கு அது பொருந்துகிறது.

இக்கதைகளின் நவீன நிழல், பாலம் கட்டப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்ற வதந்தி. வெள்ளைக்காரன் காலத்தில் பெரிய பாலங்களும் ரயில் பாதைகளும் எழுந்தபோது இந்தியாவெங்கும் அது கிளம்பியது. ஊரைக் கேட்காமல் வந்து தூண் நடும் அந்நிய அதிகாரத்தின் மேல் இருந்த அச்சம் பழைய கதையின் வடிவத்தை எடுத்துக்கொண்டது என்றே அதைப் படிக்கிறேன். ஆனால் வதந்தியும் காவு கேட்கும். 2018 மே மாதம் செல்பேசியில் பிள்ளை பிடிப்பவர்கள் பற்றிய செய்திகள் பரவியபோது, திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலைத் தேடிப்போன ஒரு குடும்பத்தைக் கூட்டம் சூழ்ந்து தாக்கி, மூதாட்டி ஒருவரைக் கொன்றது. குழந்தைகளுக்கு அவர் மிட்டாய் கொடுத்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம்.

6. எதிரொலி என்று சொல்லப்படுபவை

25-1-1964 அன்று திருச்சி ரயில் நிலையத்தின் முன் கீழப்பழுவூர் சின்னசாமி தீக்குளித்து இறந்ததையும், அடுத்த ஆண்டு மொழிப்போரில் நிகழ்ந்தவற்றையும் நவகண்டத்தின் தொடர்ச்சியாகக் காட்டுவது மேடையில் எடுபடும். இலக்கணத்தில் அவிப்பலி என்ற துறையும் கைகொடுக்கும். நான் அதை ஏற்கத் தயங்குகிறேன். நடுவே பல நூற்றாண்டுகளுக்குக் கயிறு இல்லை. 1963 ஜூனில் சைகோனில் திக் குவாங் டுக் என்ற துறவி தீயில் அமர்ந்த படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது காலத்தால் மிக நெருங்கியது. இறந்தவர்களைத் தொன்மமாக்கிவிட்டால், ஒரு மனைவியும் ஒரு குழந்தையும் வீட்டில் இருந்ததை மறக்க எளிதாகிவிடும்.

விலங்குப் பலித் தடை பற்றிச் சுருக்கமாக. 1950ஆம் ஆண்டுச் சட்டம் அரை நூற்றாண்டு ஏட்டில் தூங்கியது. 2003 ஆகஸ்டில் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த அரசு ஆணையிட்டது. கிராமக் கோயில்களில் எழுந்த கொதிப்புக்குப் பின் 2004 பிப்ரவரியில் சட்டமே நீக்கப்பட்டது. கறிக்கடையில் அன்றாடம் வெட்டப்படும் ஆட்டிடம் யாரும் தண்ணீர் ஊற்றிக் கேட்பதில்லை என்பதை அந்த விவாதத்தில் ஒருவரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

உண்மையான எதிரொலியை நான் கேட்பது நாளிதழில். சாலை விபத்தில் ஐவர் பலி, மின்னல் தாக்கி விவசாயி பலி, விஷவாயு தாக்கி மூவர் பலி. கொடுப்பவனும் இல்லை, ஏற்கும் தெய்வமும் இல்லை. சொல் மட்டும் நிற்கிறது. முதல் இரண்டில் அது வெறும் வழக்கு. கழிவுநீர்த் தொட்டியில் அது சரியான சொல்லாகிவிடுகிறது. கடன் நகரத்துடையது, நம் ஒவ்வொருவர் வீட்டுக் குழாயிலிருந்தும் போய்ச் சேர்ந்தது. தலை வேறொருவருடையது, அதுவும் எந்தத் தெருவிலிருந்து வரும் என்று நமக்கு முன்பே தெரியும். ‘அவராகத்தான் இறங்கினார்’ என்று ஒப்பந்தக்காரர் சொல்வது குடத்துத் தண்ணீர். கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆளமர்த்தப் போட்டிருந்த ஒப்பந்தங்கள் செல்லாது என்றது 2013ஆம் ஆண்டுச் சட்டம்; அந்தத் தலையசைப்பைச் சட்டம் ஏற்கவில்லை. 2014இல் உச்ச நீதிமன்றம் சாக்கடைச் சாவுக்கு இழப்பீடு 10 லட்சம் என்றது, 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. உதிரப்பட்டி ரூபாயில் வந்திருக்கிறது.

அச்செய்திகளை வரிசையாகப் படித்தால் ஒரு கோலம் திரும்பத் திரும்ப வரும். முதலில் இறங்கியவர் மயங்கிச் சரிகிறார். மேலே நின்றவர் அவரைத் தூக்க இறங்குகிறார். கூலிக்காக இறங்கியவர் முதலாமவர். இரண்டாமவரை யாரும் கேட்கவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை, நிலம் காட்டவில்லை. உள்ளே கிடப்பவரைப் பார்த்தார், இறங்கினார். மறுநாள் தலைப்பில் இருவருக்கும் ஒரே சொல்தான்.